ஆறு கிழவிங்க விழுறதை எப்படி மேடையேத்துறது? ரஷ்ய அபத்தமும் பரிசோதனை நாடகமும்

முதல்ல ஒரு கதை, மொத்தமே ஒரு பத்தி தான். ஒரு கிழவி ஆர்வக்கோளாறுல ஜன்னல் வழியா ரொம்ப எட்டிப் பாத்து கீழ விழுந்து செத்துப்போறா. விழுந்தவளைப் பாக்க இன்னொரு கிழவி எட்டிப் பாக்குறா, அவளும் அதே ஆர்வக்கோளாறுல விழுந்துடுறா. அப்புறம் மூணாவது கிழவி, நாலாவது, அஞ்சாவது. ஆறாவது கிழவியும் விழுந்ததுக்கப்புறம் கதை சொல்றவனுக்கு பாத்துப் பாத்து போரடிச்சுடுது, மால்ட்செவ்ஸ்கி மார்க்கெட்டுக்கு கிளம்பிடுறான், அங்க கண்ணு தெரியாத ஒருத்தருக்கு யாரோ பின்னல் சால்வை குடுத்தாங்கன்னு பேச்சாம். முடிஞ்சது.

எழுதினவர் தனீல் ஹார்ம்ஸ், லெனின்கிராட்காரர் (இன்னைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு சொல்ற ரஷ்ய நகரம்), 1930கள்ல எழுதினது. இப்போ இதை மேடையில போடுங்கன்னு உங்ககிட்ட குடுத்தா என்ன பண்ணுவீங்க?

பெரும்பாலானவங்க மண்டையில மொதல்ல ஓடுறது அந்த ஜன்னல் தான். உயரமா ஒரு செட் வேணும், ஆறு நடிகைங்க வேணும் இல்லைன்னா ஆறு பொம்மை, கீழ மெத்தை, தொப்புன்னு ஒரு சத்தம். போடலாம், ஜனங்க சிரிக்கவும் செய்வாங்க, ரெண்டாவது கிழவி வரைக்கும். மூணாவதுல இருந்து "சரி இன்னும் மூணு இருக்கு"ன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, ஏன்னா கதையோட சிரிப்பு விழுறதுல இல்ல, வரிசையா ஆறு சாவைப் பாத்துட்டு போரடிக்குதுப்பான்னு ஒருத்தன் மார்க்கெட் போறான் பாருங்க, அங்க இருக்கு. அப்போ மேடைக்கு வேண்டியது ஜன்னலே இல்ல, ஒரு மூஞ்சி.

ஒரு நடிகர், ஒரு நாற்காலி, நம்மளைப் பாத்து உக்காந்திருக்கார். கண்ணு மேல போகுது, அப்படியே கீழ இறங்குது, தரையில நிக்குது. மொத தடவை எழுந்துக்கப் பாக்குறார். ரெண்டாவது தடவை எழுந்துக்கல, கழுத்தை மட்டும் நீட்டுறார். நாலாவதுக்கு கண்ணு மட்டும் இறங்குது. ஆறாவதுக்கு பாதியிலேயே பார்வையை எடுத்துட்டு கோட் பட்டனைப் போட ஆரம்பிக்கிறார். செட்டுக்கு பத்து பைசா செலவில்ல, ஆனா கதை முழுசா வந்துடுது, பாக்குறவங்க வயித்துல லேசா ஒரு சங்கடத்தோட சிரிப்பாங்க, ஏன்னா அவங்களும் ஆறு சாவைப் பாத்துட்டு சும்மா தான் உக்காந்திருக்காங்க.

இந்த ஒரு உதாரணத்துலயே நான் சொல்ல வர்றது பாதி வந்துடுச்சு. அபத்தக் கதையை, அதாவது காரண காரியமே இல்லாம நடக்கிற கதையை, மேடைக்கு மாத்துறதுன்னா அதுல நடக்கிற சம்பவத்தை நடிச்சுக் காட்டுறதுன்னு நெனச்சுக்கிறாங்க, அப்படிப் பண்ணா கோமாளித்தனம் மட்டும் மிஞ்சும். கதைக்குள்ள காரணம்–விளைவு கணக்கு எந்த இடத்துல அறுந்துபோகுதுன்னு கண்டுபிடிச்சு, அதே அறுப்பை மேடையில இருக்கிற சாமானை வெச்சு பண்ணணும். மேடையில என்ன சாமான் இருக்கு? உடம்பு, குரல், லைட், நேரம், பொருள், அப்புறம் எதிர்ல உக்காந்திருக்கிற ஜனம்.

இது நானா கண்டுபிடிச்ச தியரி இல்ல, ஹார்ம்ஸும் அவரோட கூட்டாளிங்களும் 1928லயே சொன்னது. அவங்க குழுவுக்கு பேரு ஓபெரியு, "நிஜக் கலைக்கான சங்கம்" மாதிரி ஒரு அர்த்தம் வர்ற சுருக்கம். ஹார்ம்ஸ், அலெக்சாண்டர் விவெதென்ஸ்கி, நிகோலாய் சபலோட்ஸ்கி, இகோர் பாக்தெரெவ், கான்ஸ்தாந்தின் வாகினோவ்னு எல்லாரும் இளவட்டம், ஹார்ம்ஸுக்கு அப்போ 22 வயசு தான். சபலோட்ஸ்கியை அப்புறம் பெரிய கவிஞரா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க கதை வேற மாதிரி போச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

1928 ஜனவரி 24ஆம் தேதி லெனின்கிராட்ல பத்திரிகையாளர் மாளிகையில "மூணு இடது மணி நேரம்"னு ஒரு நிகழ்ச்சி போட்டாங்க, இடதுன்னா இங்க புதுமைக் கலைன்னு அர்த்தம். மொத மணி நேரம் கவிதை, ரெண்டாவது நாடகம், மூணாவது சினிமா. ஹார்ம்ஸ் ஒரு கறுப்பு அலமாரி மேல ஏறி உக்காந்து கவிதை வாசிச்சார், மூஞ்சியில பவுடர் அடிச்சுக்கிட்டு. விவெதென்ஸ்கி மூணு சக்கர சைக்கிள் ஓட்டிட்டு மேடைக்கு வந்தார். கலைன்னா அலமாரின்னு அவங்களுக்கு ஒரு கோஷமே இருந்துச்சு, அதுக்கு என்ன விளக்கம்னு தேடாதீங்க, அலமாரி தான் விளக்கம். மறுநாள் பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சு எழுதிட்டாங்க.

அதே சமயம் அவங்க ஒரு அறிக்கையும் போட்டாங்க, அதுல நாடகம் பத்தின பகுதி இன்னைக்கும் பரிசோதனை நாடகம் பண்ற யாரும் படிக்கலாம், அவ்ளோ தெளிவு. என்ன சொல்றாங்கன்னா, ரெண்டு பேர் மேடைக்கு வர்றாங்க, ஒண்ணும் பேசல, சைகையில ஏதோ சொல்லிக்கிறாங்க, சொல்லும்போதே கன்னத்தை உப்ப வெச்சுக்கிறாங்க, ஜனம் சிரிக்குது. இது நாடகமா? ஆமா நாடகம் தான். இல்லப்பா இது சந்தைக்கூத்துன்னு சொல்லுவீங்களா, சந்தைக்கூத்தும் நாடகம் தான். அப்புறம் இன்னொண்ணு, மேடையில ஒரு நாற்காலி, அது மேல ஒரு சமோவார், டீக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற ரஷ்யப் பாத்திரம், அது கொதிக்குது, மூடிக்கு அடியில இருந்து ஆவி வராம வெறும் கை வெளிய வருது. இதெல்லாம் தனித்தனி நாடகக் கூறுகள், இத்தனை நாளா இதுங்க எல்லாம் கதைக்கு வேலைக்காரனா இருந்துச்சு, இனிமே மேடைக்குன்னு சொந்தமா ஒரு ஓட்டம் இருக்கும், கதை அதுக்குள்ள எப்பயாவது தலை காட்டிட்டுப் போகும், அவ்ளோதான் அதுக்கு மரியாதைங்கிறாங்க.

படிக்க விளையாட்டா இருக்கும். ஆனா இதுல ஒரு பெரிய வேலை நடந்திருக்கு. பழைய நாடகத்துல மழை பெய்யுதுன்னா கதாநாயகி அழறா, இல்ல யாரோ கிளம்ப முடியாம மாட்டிக்கிறாங்க, மழைக்கு ஒரு டியூட்டி உண்டு. இவங்க மேடையில மழை பெய்யலாம், பெய்யுதுங்கிறதுக்காகவே. அபத்தக் கதைகளை மேடைக்கு கொண்டு வர்றவங்களுக்கு இது தான் முதல் சாவி.

அந்த ராத்திரி ரெண்டாவது மணி நேரத்துல போட்ட நாடகம் தான் ஹார்ம்ஸ் எழுதின "எலிஸவேத்தா பாம்". இவான் இவானோவிச், பியோத்தர் நிகோலாயெவிச்னு ரெண்டு பேர் எலிஸவேத்தாவைக் கைது பண்ண வந்து கதவைத் தட்டுறாங்க. என்ன குத்தம்னு அவளுக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துல அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிறாங்க, ஒருத்தனுக்கு விக்கல், அப்புறம் வித்தை காட்டுறாங்க, அவ ரசிக்கிறா, அப்பா வர்றார் அம்மா வர்றாங்க, நடுவுல ரெண்டு வீரர்கள் போர் பண்ற மாதிரி ஒரு காட்சி. கடைசியில பாத்தா அவ மேல இருக்கிற குத்தச்சாட்டு என்னன்னா பியோத்தர் நிகோலாயெவிச்சைக் கொன்னுட்டா. அதாவது கைது பண்ண வந்திருக்கிற ஆளையே. நாடகம் மறுபடி கதவு தட்டுறதுல வந்து நிக்குது, கூட்டிட்டுப் போயிடுறாங்க.

கதைச்சுருக்கம் சொல்லி இந்த நாடகத்தைப் புரிய வைக்க முடியாது, ஏன்னா வேலை நடக்கிற இடம் வேற. மேடைப் பிரதியில ஹார்ம்ஸ் இதை 19 துண்டா வெட்டி வெச்சிருக்கார், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாணி பேர் எழுதியிருக்கார், முதல் துண்டு யதார்த்த மெலோட்ராமா (உணர்ச்சியைக் கொட்டி அழ வைக்கிற பாணி), அடுத்தது யதார்த்த காமெடி, அதுக்கடுத்தது அபத்தமான வெகுளி காமெடின்னு இப்படிப் போகும். நடிகர் கண்ணீரோட நிக்கிறார், துண்டு மாறுது, அடுத்த செகண்ட் அதே ஆள் சர்க்கஸ்காரன் மாதிரி நிக்கணும், நடுவுல "ஏன் மாறினேன்"னு ஒரு காரணம் தேடிக்கக் கூடாது. இது தான் கஷ்டம். யதார்த்த நடிப்பு கத்துக்கிட்டு வந்தவங்க எல்லாரும் இந்த இடத்துல திணறுவாங்க, அவங்களுக்கு ஒரு மனநிலையில இருந்து இன்னொண்ணுக்குப் போக பாலம் வேணும். இங்க பாலம் கட்டினா நாடகம் போச்சு.

நடிகர்கள்கிட்ட இதை எப்படி வாங்குறதுன்னு கேட்டா, ஒத்திகையில எல்லாத் துண்டையும் தனித்தனி நாடகம் மாதிரி ஒத்திகை பாத்துட்டு கடைசியா ஒட்டுறது ஒரு நல்ல வழின்னு நெனைக்கிறேன். மெலோட்ராமா துண்டை நிஜமாவே உருக்கமா பண்ணணும், கிண்டலா இல்ல. காமெடித் துண்டை நிஜ காமெடியா. ஒட்டும்போது விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம விடணும்.

சரி, "எலிஸவேத்தா பாம்" ஏற்கனவே நாடகமா எழுதினது. கதையா எழுதினதை என்ன பண்றது? இங்க தான் ஆரம்பக்காரங்களுக்குப் புரிய வேண்டிய ஒரு அடிப்படை விஷயம் இருக்கு. எழுத்துல ஒரு விஷயத்தை முடிவு பண்ணாம விட்டுடலாம். மேடையில முடியாது.

கோகோலோட "மூக்கு" கதையை எடுத்துக்கங்க, 1836ல வந்தது, ரஷ்ய அபத்தத்துக்கே தாத்தா. கவல்யோவ்ங்கிற அதிகாரி காலையில எழுந்தா மூஞ்சியில மூக்கைக் காணோம். நாவிதர் வீட்டு ரொட்டிக்குள்ள ஒரு மூக்கு இருக்கு. அப்புறம் அதே மூக்கு பெரிய பதவிக்காரரோட சீருடை போட்டுக்கிட்டு பீட்டர்ஸ்பர்க்ல வண்டியில போகுது, கோயில்ல ஜெபம் பண்ணுது, கவல்யோவ் போய் கேட்டா "நீங்க யாரு"ங்கிற மாதிரி பேசிட்டுப் போகுது. படிக்கும்போது நாம ஒரு தடவை கூட கேக்குறதில்ல, அந்த மூக்கு ரொட்டிக்குள்ள அடங்குற சைஸா இல்ல ஆள் உயரமா, அதுக்குத் தலை இருக்கா, தொப்பி எங்க போட்டிருக்குன்னு. வாக்கியம் ஓடுது, நாமளும் கூடவே ஓடிடுறோம். ஆனா காஸ்ட்யூம் தைக்கிறவர் வந்து "சார் அளவு சொல்லுங்க"ன்னு நின்னா நீங்க சொல்லித்தான் ஆகணும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச் இதை ஆப்பராவா, அதாவது பாட்டாவே நடக்கிற நாடகமா பண்ணினார், 1930 ஜனவரியில லெனின்கிராட்ல அரங்கேறிச்சு, அப்போ அவருக்கு 23 வயசு. அவர் அளவுப் பிரச்சனையைப் பாதிக்கு மேல காதுக்குத் தள்ளிட்டார். மூக்குக்கு ரொம்ப உச்சத்துல பாடுற ஒரு ஆண் குரல் குடுத்தார், உருவத்தை விட அந்தக் குரல் தான் மூக்கு. நடுவுல ஒரு இடையிசை முழுக்க முழுக்க தாள வாத்தியம் மட்டும், ஒரு ஸ்வரம் கிடையாது, பைத்தியம் பிடிச்ச ஊரோட சத்தம் மாதிரி தடதடன்னு ஓடும். 2010ல நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவுல தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இதையே போட்டார், அவர் நேரெதிரா கண்ணு பக்கம் போனார், செய்தித்தாள் மாதிரி அச்செழுத்து, வரைபடம், அனிமேஷன் எல்லாம் மேடை முழுக்க ஓடுது, காலு முளைச்ச பெரிய காகித மூக்கு ஒண்ணு நடந்து போகுது. ரெண்டு பேரும் "மூக்கு எவ்ளோ பெரிசு"ங்கிற கேள்விக்கு பதில் சொல்லல, தங்களுக்குக் கைவந்த கருவியை எடுத்து அந்தக் கேள்வியையே மறக்கடிச்சுட்டாங்க.

ஹார்ம்ஸ்கிட்ட இது இன்னும் முத்திப்போகும். 1937ல எழுதின ஒரு குட்டிக் கதை, ஒரு செம்பட்டை முடிக்காரன் இருந்தான், அவனுக்குக் கண்ணும் காதும் இல்ல. முடியும் இல்ல, அதனால சும்மா ஒரு பேச்சுக்குத் தான் செம்பட்டைன்னு சொல்லிக்கிட்டாங்க. வாய் இல்ல, மூக்கு இல்ல, கை கால் இல்ல, வயிறு முதுகு முதுகெலும்பு குடல் எதுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல! அப்போ யாரைப் பத்திப் பேசுறோம்னே தெரியல, இனிமே அவனைப் பத்திப் பேசாம இருக்கிறதே நல்லது. கதை அவ்ளோதான். இதை மேடையில ஒரு நடிகரை நிக்க வெச்சு, லைட்டைத் துண்டு துண்டா அணைச்சு மறைய வைக்கலாம், அழகா இருக்கும், ஆனா கொஞ்சம் ஈஸி. எனக்கென்னவோ காலியான ஒரு நாற்காலிக்கு ஒரு டெய்லர் டேப்பை வெச்சு சீரியஸா அளவெடுத்துக்கிட்டே வர்றது பொருத்தமா படுது, ஒவ்வொரு "இல்ல"வையும் நோட்டுல எழுதிக்கிறான், கடைசியில நோட்டை மூடிட்டுப் போயிடுறான். ஆபீஸ் வேலை மாதிரி. ஒரு ஆளை இல்லாம ஆக்குறது ஒரு ஆபீஸ் வேலையா நடக்குது.

1937ன்னதும் நீங்க ஸ்டாலின் காலம், ராத்திரி கைதுன்னு நெனச்சிருப்பீங்க. நெனைக்காம இருக்க முடியாது. அதே வருஷம் ஹார்ம்ஸ் ஒரு குழந்தைப் பத்திரிகையில ஒரு பாட்டு எழுதினார், வீட்டை விட்டு ஒரு மனுஷன் தடியும் மூட்டையுமா கிளம்பிப் போனான், இருட்டுக் காட்டுக்குள்ள நுழைஞ்சான், அப்புறம் காணோம், எங்கயாவது பாத்தா எங்ககிட்ட சொல்லுங்கன்னு. குழந்தைப் பாட்டு தான். ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச காலம் அவரோட எழுத்தைப் போடுறதையே நிறுத்திட்டாங்க, வீட்டுல சாப்பாட்டுக்கே வழியில்லாம போச்சு. 1931 டிசம்பர்ல ஏற்கனவே ஒரு தடவை கைது, குர்ஸ்க் ஊருக்கு நாடுகடத்தல். 1941 ஆகஸ்ட்ல மறுபடி கைது. 1942 பிப்ரவரி 2ஆம் தேதி ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகை போட்டிருக்கும்போது சிறை மனநோய் வார்டுல பட்டினியில செத்துப்போனார், 36 வயசு. விவெதென்ஸ்கி அதுக்கு முன்னாடியே 1941 டிசம்பர்ல கைதிங்க ரயில்ல செத்துட்டார். பெரியவங்களுக்கு எழுதினதுல ஹார்ம்ஸ் உயிரோட இருக்கும்போது அச்சானது ரெண்டே ரெண்டு கவிதை. மிச்சத்தை யாக்கோவ் துருஸ்கின்ங்கிற நண்பர், முற்றுகைக்கு நடுவுல குண்டு விழுந்த வீட்டுக்கு ஹார்ம்ஸோட மனைவி கூடப் போய் ஒரு சூட்கேஸ்ல எடுத்துட்டு வந்து பல வருஷம் பத்திரமா வெச்சிருந்தார், அந்த மனுஷன் இல்லைன்னா இந்தக் கட்டுரையே இல்ல.

இந்த வாழ்க்கைக் கதை தெரிஞ்சதும் டைரக்டருங்களுக்கு ஒரு ஆசை வரும். கிழவிங்க விழுறாங்களா, பின்னாடி ஸ்டாலின் படம் மாட்டு. எலிஸவேத்தாவைக் கைது பண்ண வர்றவங்களுக்கு ரகசியப் போலீஸ் லெதர் கோட் போடு. செம்பட்டைக்காரன் மறைஞ்சதும் ஸ்கிரீன்ல கைதிங்க போட்டோ காட்டு. நான் இதுக்கு எதிர். வரலாறு முக்கியமில்லைங்கிறதுக்காக இல்ல. லெதர் கோட் போட்ட உடனே பாக்குறவனுக்குக் காரணம் கிடைச்சுடுது, "ஓ இது அந்தக் காலத்துக் கொடுமை"ன்னு புரிஞ்சு நிம்மதியாயிடுறான். எலிஸவேத்தாவுக்கு அந்த நிம்மதி இல்ல, அவளுக்குக் கடைசி வரைக்கும் ஏன்னு தெரியல. அதோட "எலிஸவேத்தா பாம்" எழுதி அரங்கேத்தினப்போ ஹார்ம்ஸ் இன்னும் ஒரு தடவை கூட கைதாகல, அந்த நாடகத்தைப் பின்னாடி நடந்ததுக்கு உவமை ஆக்கினா அதோட கிறுக்கு சந்தோஷம் எல்லாம் போயிடும், வித்தை, விக்கல், பாட்டு எல்லாமே வெறும் அலங்காரமா ஆயிடும்.

விவெதென்ஸ்கி 1938ல எழுதின "இவானோவ் வீட்டு கிறிஸ்துமஸ் மரம்" இன்னொரு நல்ல உதாரணம். நாடகத்துல குழந்தைங்க லிஸ்ட்டைப் பாருங்க, ஒரு வயசுப் பையன் பெத்யா, எட்டு வயசு நீனா, அப்படியே போய் 76 வயசுப் பையன் மிஷா, 82 வயசுப் பொண்ணு துன்யா. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற குடும்பப் பேர், அப்பா அம்மா பேர் புஸிரோவ், மேடையில ஒருத்தர் கூட இவானோவ் கிடையாது. குளிப்பாட்டிக்கிட்டு இருக்கும்போது ஆயா கோவத்துல சோனியாங்கிற 32 வயசு "குழந்தை"யோட தலையைக் கோடாலியால வெட்டிடுறா. அப்புறம் வெட்டுப்பட்ட தலையும் உடம்பும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். கடைசியில மரத்துல விளக்கு ஏத்துறாங்க, எல்லாரும் வரிசையா செத்துப்போறாங்க. இங்க 82 வயசு "குழந்தை"யை நடிக்கிறவர் மழலை பேசி விரல் சூப்பினா அது மட்டமான காமெடி. அந்த அம்மா சாதாரணமா, தன் வயசுக்கே உரிய குரல்ல, தான் குழந்தைங்கிறதுல சந்தேகமே இல்லாம பேசணும். கிறுக்குத்தனத்தை கிறுக்கா நடிக்காதீங்க, ஹார்ம்ஸையும் விவெதென்ஸ்கியையும் நடிக்கிறவங்களுக்கு நான் குடுக்குற ஒரே நடிப்பு டிப்ஸ் அது தான்.

வன்முறையை என்ன பண்றதுன்னு அடுத்த கேள்வி வரும், ஏன்னா ஹார்ம்ஸ்ல அடி உதை கொலை நிறைய. "மாஷ்கின் கோஷ்கினைக் கொன்னான்"னு ஒரு அரைப் பக்கக் கதை இருக்கு, அதைப் படிச்சா கதை மாதிரியே இருக்காது, டான்ஸ் மாஸ்டர் எழுதின குறிப்பு மாதிரி இருக்கும். தோழர் கோஷ்கின் தோழர் மாஷ்கினைச் சுத்தி ஆடினார். தோழர் மாஷ்கின் கண்ணால தொடர்ந்தார். தோழர் கோஷ்கின் அவமானப்படுத்துற மாதிரி கையை ஆட்டினார், காலை அருவருப்பா முறுக்கினார். தோழர் மாஷ்கின் முகத்தைச் சுளிச்சார். இப்படியே ஒவ்வொரு வரிக்கும் ஒரு அசைவு, கடைசியில குத்து, உதை, தோழர் கோஷ்கின் தரையில நீட்டிப் படுத்து செத்துப்போனார். அதுக்கப்புறம் ஒரு வரி, "மாஷ்கின் கோஷ்கினைக் கொன்னான்." அந்த வரியில மட்டும் தோழர் கிடையாது. மேடையில ஒருத்தர் மைக்ல இதை செய்தி வாசிக்கிற குரல்ல வாசிக்க, ரெண்டு பேர் அசைவைப் பண்ணலாம், ஆனா வாசிக்கிறதும் பண்றதும் அரை செகண்ட் முன்ன பின்ன இருந்தா தான் உயிர். வார்த்தை முந்திப் போனா உடம்புங்க ஆர்டருக்குக் கீழ்ப்படியுற மாதிரி இருக்கும். உடம்பு முந்தினா வார்த்தை ரிப்போர்ட் எழுதுற மாதிரி இருக்கும். ரெண்டும் வேற வேற நாடகம், எது வேணும்னு நீங்க தான் முடிவு பண்ணணும், ரத்தம் கலர் தண்ணி எதுவும் வேண்டாம்.

பெரிய ஆளுங்க என்ன பண்ணாங்கன்னும் கொஞ்சம் பாத்துடலாம். சோவியத் காலத்துலயே 1982ல மாஸ்கோவுல மிகயில் லெவிதின், ஹார்ம்ஸ் எழுத்தை வெச்சு கோமாளிப் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு நாடகம் போட்டார், தலைப்புலயே ஹார்ம்ஸோட பேரை வெச்சு விளையாட்டு. லண்டன்ல கம்ப்ளிசிட்டே குழு, சைமன் மெக்பர்னி டைரக்ஷன்ல, 1994ல நேஷனல் தியேட்டர்ல பல ஹார்ம்ஸ் துண்டுங்களைக் கோத்து ஒண்ணு பண்ணாங்க, தலைப்பு மேல சொன்ன அந்தக் குழந்தைப் பாட்டோட முதல் வரி.

எனக்கு அதிகம் பேசத் தோணுறது அமெரிக்க நாடக டைரக்டர் ராபர்ட் வில்சன் 2013ல மான்செஸ்டர் விழாவுல ஆரம்பிச்ச "கிழவி". ஹார்ம்ஸ் 1939ல எழுதின குறுநாவல் அது, முள்ளு இல்லாத கடிகாரம் வெச்சிருக்கிற ஒரு கிழவிகிட்ட ஒரு எழுத்தாளர் மணி கேக்குறார், அப்புறம் அவ அவரோட ரூமுக்கே வந்து நாற்காலியில உக்காந்து செத்துப்போறா, பிணத்தை சூட்கேஸ்ல அடைச்சு ரயில்ல எடுத்துட்டுப் போறார், சூட்கேஸ் திருடு போயிடுது. நடிச்சது சினிமா நடிகர் வில்லம் டஃபோவும் பாலே நடனக்காரர் மிகயில் பரிஷ்னிகோவும், ரெண்டு பேர் மட்டும். சாதாரணமா யோசிச்சா ஒருத்தர் எழுத்தாளர் இன்னொருத்தர் கிழவின்னு பிரிப்போம். வில்சன் பிரிக்கல. ரெண்டு பேருக்கும் வெள்ளை மூஞ்சி, ஒரே மாதிரி உடை, ஒரே மனுஷனை ரெண்டா வெட்டின மாதிரி, யாரு எப்போ யாருன்னு மாறிக்கிட்டே இருக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல ரஷ்யன்ல, ஒவ்வொரு தடவையும் வேற தொனியில.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, நாவல்ல கதை சொல்றவரோட மண்டைக்குள்ள தான் எல்லாம் நடக்குது, நிஜமா கிழவி செத்தாளா, கனவா, ஒண்ணும் உறுதியில்ல. எழுத்துல "நான்"ங்கிற ஒரு வார்த்தை அந்தக் குழப்பத்தைத் தாங்கிடும். மேடையில ஒரு நடிகர் வந்து "நான்"னு நின்னா அவர் உறுதியா அங்க நிக்கிறார், சந்தேகத்துக்கே இடமில்ல, எடை இருக்கு, நிழல் விழுது. ரெண்டு பேர் ஒரே "நான்"ஐப் பங்கு போட்டா தான் அந்த உறுதி ஆட்டம் காணும். ஆனா ஒரு குறையும் சொல்லணும், வில்சனோட லைட்டும் கலரும் அவ்ளோ சுத்தமா பளபளன்னு இருக்கிறதுல, ஹார்ம்ஸோட அழுக்கு காணாமப்போகுது, அந்தப் பசி, பல குடும்பம் பங்கு போட்டுக்கிற பொது சமையலறை, பிணம் நாறிடுமோங்கிற பயம், வோட்கா. அந்த எழுத்தாளர் கதை முழுக்க பசியா இருக்கார்ங்க. மேடையில ரெண்டு பேரும் பசியில இருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் கூட தெரியாது.

ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்க "கிழவி"யைத் தொடாதீங்க. "புஷ்கினும் கோகோலும்"னு ஒண்ணு இருக்கு, அதுல தொடங்குங்க. நாடக வடிவத்துலயே எழுதினது, ரெண்டு ஆள் போதும், செட் கிடையாது. கோகோல் பக்கத்திரையில இருந்து மேடையில வந்து விழுந்து அமைதியா கிடக்குறார். புஷ்கின் வர்றார், கோகோல் மேல தடுக்கி விழுறார், "அட சனியனே, கோகோல் மேலயா!"ங்கிறார். கோகோல் எழுந்து, என்ன அக்கிரமம் நிம்மதியா படுக்க விடுறதில்லன்னு திட்டிக்கிட்டே நடந்து புஷ்கின் மேல தடுக்கி விழுறார். இப்படியே மாத்தி மாத்தி. கடைசியில ஒருத்தர் மேல ஒருத்தர் தடுக்கிக்கிட்டே பக்கத்திரைக்குள்ள போயிடுறாங்க. ரஷ்ய இலக்கியத்தோட ரெண்டு பெரிய சிலைங்க, வேற ஒண்ணுமே நடக்கல.

இதுல ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. விழுறது நிஜமா விழுறதா இருக்கணும், முழங்கால் சத்தம் கேக்கணும், அதனால பாதுகாப்பா விழக் கத்துக்கிட்டு, மேட் போட்டு பழகிட்டு அப்புறம் வெறும் தரைக்கு வாங்க. அடுத்தது, எத்தனை தடவைங்கிற கணக்கு. மூணாவது விழுறப்போ நல்லா சிரிப்பு வரும், அஞ்சாவதுல குறையும், ஏழாவதுல ஹால்ல யாரும் சிரிக்க மாட்டாங்க, அந்த இடத்துல நடிகருங்களுக்குப் பயம் வந்து வேகத்தைக் கூட்டுவாங்க, இல்ல மூஞ்சியைக் கோணிக் காட்டுவாங்க. விடாதீங்க, அதே வேகத்துல, அதே எரிச்சலோட விழச் சொல்லுங்க. கொஞ்சம் பொறுத்தா சிரிப்பு மறுபடி வரும், ஆனா அது வேற சிரிப்பு, மொத சிரிப்பு மாதிரி லேசா இருக்காது. அது வரைக்கும் போகாம அஞ்சாவதுலயே முடிச்சா நீங்க போட்டது ஒரு நல்ல ஜோக், அவ்ளோதான். ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுசா நாலு பேரை உக்கார வெச்சுப் பாருங்க, டீமுக்குள்ளயே பாத்தா இந்தக் கணக்கு பிடிபடாது.